கண் வைக்காத படங்கள்

அத்தியாயம் 4

மூன்றாவது உறை வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தது. அதில் நான் இருந்தேன்.

என் வீட்டு நிலைப்படியும் கதவின் பித்தளை வளையமும் அச்சு அசலாக வரையப்பட்டிருந்தன. வாசலில் கைத்தடியை ஊன்றி, தோளில் துண்டு போட்டு நான் நின்றேன். மீசையின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடச் சற்று இறங்கியிருக்கும் என்பது எனக்கும் என் நாவிதருக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். அதுவும் படத்தில் இருந்தது. கண்கள் மட்டும் இல்லை. அந்த இடத்தில் வெறும் வெள்ளைக் காகிதம் இரண்டு குழிகளாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை ஓர் ஆடு வந்தது. புதன்கிழமை ஒரு குதிரை. இரண்டுக்கும் கண் இல்லை. இன்று நான்.

என் மருமகள் ராஜலட்சுமி படத்தைக் கீழே போட்டுவிட்டு, கையைத் தண்ணீரில் கழுவினாள். அவளுடைய தாயார் போனில் அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்: கண் இல்லாத உருவம் வீடு தேடி வந்தால், உருவத்துக்கு உரியவர் கண்ணை மூடப்போகிறார் என்று அர்த்தமாம். அன்று மதியமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கறம்பக்குடிக்குப் போகப்போவதாகச் சொன்னாள். நான் தடுக்கவில்லை.

ஆனால் என்னை உலுக்கியது வேறொன்று. மூன்று படங்களும் என் தம்பி ஆண்டிச்சாமியின் கையால் வரையப்பட்டவை; அவன் கோடு சிறுவயது முதல் எனக்குத் தெரியும். தம்பியைக் காணவில்லை.

அவனை இந்த மாவட்டத்தில் தெரியாத குழந்தை கிடையாது. கோணக்கொம்பன் என்று ஓர் ஆட்டை வைத்து முப்பத்திரண்டு புத்தகங்கள் எழுதிப் படம் போட்டவன். பள்ளிக்கூடங்களில் அவனைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்ப்பார்கள் என்று பிறர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பத்தொன்பது ஆண்டுகளாக எங்களுக்குள் பேச்சில்லை. புதுக்கோட்டையில் அவன் குடியிருந்த வீடு மூன்று வாரமாகப் பூட்டிக் கிடந்தது. போன் அணைந்து கிடந்தது.

எங்கள் குடும்பத்து ஆள் யாரும் இதுவரை போலீஸ் நிலையத்தின் படி ஏறியதில்லை. அதனால்தான் பிரகதீஸ்வரியை அமர்த்தினேன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொய்யான கோரிக்கைகளைத் துருவிக் கண்டுபிடிக்கும் வேலையில் பதினைந்து ஆண்டு இருந்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் தொழில் தொடங்கிய அம்மாள். அவருக்கு உதவியாள் உடையப்பன். முன்பு பஸ் கண்டக்டர். ஐம்பது வயது, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய்.

பதினொன்றரை மணிக்கெல்லாம் இருவரும் வந்துவிட்டார்கள். பிரகதீஸ்வரி படத்தைப் பார்க்கவில்லை. உறைக்குள் கையைவிட்டு, படத்துக்கு முன்னும் பின்னுமாக வைத்திருந்த இரண்டு அட்டைகளை எடுத்து முகர்ந்தார்.

"மூணு உறையிலயும் இப்படி அட்டை இருந்துச்சு ஐயா. படம் மடங்கிடக் கூடாதுன்னு யாரோ கவலைப்பட்டிருக்காங்க. பயமுறுத்துறவன் அப்படிக் கவலைப்படுவானா?"

"எனக்கு வந்த மிரட்டல் எல்லாம் டிக்கெட்டுக்குப் பின்னால எழுதித்தான் வந்துச்சு, மேடம். ஒருத்தன்கூட அட்டை வச்சுக் குடுத்ததில்லை" என்றார் உடையப்பன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொலைகாரர்களிலும் பொறுமைசாலிகள் உண்டு என்றேன்.

பிரகதீஸ்வரி அட்டையைத் தட்டினார். வைக்கோல் துணுக்கும் செம்மண் தூளும் என் மேசையில் உதிர்ந்தன. உறையின் மீதிருந்த முத்திரை திருமயம் தபால் நிலையத்துடையது. முகவரியை எழுதிய கையெழுத்து என் தம்பியுடையது அல்ல. ஒரு பெண்ணின் உருண்டையான எழுத்து.

"கெளம்புவோம் ஐயா. நீங்களும் வாங்க. ஆளைப் பார்த்தா அடையாளம் சொல்ல நீங்கதான் வேணும்."

ஆளைப் பார்த்தால் என்றார். உடலைப் பார்த்தால் என்று என் காதில் விழுந்தது.

*

ஆலங்குடியிலிருந்து கிளம்பிய கார் புதுக்கோட்டையைத் தாண்டியது. அதன் பிறகு பிரகதீஸ்வரி திரும்பி என்னைப் பார்த்தார். தம்பியின் புத்தகங்களில் எதைப் படித்திருக்கிறேன் என்று கேட்டார். ஒன்றையும் இல்லை என்றேன். ஒன்றைக்கூடவா என்று உடையப்பன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவருடைய மகள் கோணக்கொம்பன் கதை சொல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டாளாம். பயந்தாங்கொள்ளி ஆடாம் அது. தன் நிழலைக் கண்டே பயப்படுமாம். குழந்தைகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம்.

"ஊர்ல எல்லாப் பிள்ளையும் புலி கதை கேக்கும். உங்க தம்பி பயப்படுறதைக் கதையாக்கினாரு. அதான் ஐயா வித்தை."

குழந்தைகள் புத்தகம் படிக்கும் வயது எனக்கு இல்லை என்று சொல்லி முடித்தேன்.

பிரகதீஸ்வரி விடவில்லை. மூன்று படங்களையும் மடியில் பரப்பி வைத்துக்கொண்டார்.

"உங்க தம்பி எந்தப் படம் போட்டாலும் மூலையில பேரு எழுதுவார். புத்தகத்தில பார்த்திருக்கேன். இதுல எழுதலை. மூணு உறை, ஒரு கடுதாசி இல்லை, ஒரு எழுத்து இல்லை. பேசத் தெரியாதவர் இல்லையே அவர். நீ எழுதக்கூடாதுன்னு அவருக்கு யாராவது சொன்னாங்களா ஐயா?"

"தெரியாது."

பொய்.

திருமயம் தபால் நிலையத்துக்குள் நான் போகவில்லை. வாசலிலேயே நின்றேன். கோட்டைப் பக்கமிருந்து வெயில் முகத்தில் அடித்தது. பிரகதீஸ்வரி உள்ளே போய் ஐந்தே நிமிடத்தில் திரும்பினார். கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு நன்றாக நினைவிருந்ததாம். உறையைக் கொடுத்தவள் மடக்காமல் அனுப்புங்கள் என்று மூன்று முறை சொன்னாளாம். நகக்கண்ணெல்லாம் சிவப்பு மண். ஒவ்வொரு முறையும் உறையில் அவளுடைய விரல் பதிந்து, தபால்காரப் பெண் துடைத்து வாங்கினாளாம். கண்மாய்க் கரையில் பானை வனையும் வேளார் வீட்டு மருமகள். பெயர் செவந்தி.

"கடைசி உறை நேத்து சாயந்திரம் குடுத்தது" என்றார் பிரகதீஸ்வரி. "இந்த மூணு உறைக்கு முன்னால அவளைத் தபாலாபீஸ்ல யாரும் பார்த்ததில்லை."

பிடிபடப் போகிறவள் போல அவள் நடந்துகொள்ளவில்லையே என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் பயம் குறையவில்லை. மண் வேலைக்காரர்களிடம் சூளை இருக்கும். சூளையில் எதைப் போட்டாலும் மிஞ்சாது.

*

கண்மாய்க் கரையில் ஓடு வேய்ந்த ஒரே வீடு. பின்னால் நீளமான ஓலைக் கொட்டகை. ஆளரவம் இல்லை. சூளை புகைந்துகொண்டிருந்தது. உடையப்பன் இரண்டு முறை குரல் கொடுத்தும் பதில் இல்லை. அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை. அந்த மனிதர் பேசாமல் இருந்தது எனக்கு அதிகமாகப் பயமூட்டியது.

கொட்டகைக்குள் நுழைந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

இரண்டு பக்கமும் குதிரைகள். மண் குதிரைகள், ஆள் உயரத்துக்கு மேல், பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையாக. சுண்ணாம்பு பூசி, கழுத்துமணிக்கும் சேணத்துக்கும் நிறம் தீட்டியிருந்தது. ஒன்றுக்கும் கண் இல்லை. அத்தனை முகங்களிலும் அதே இரண்டு வெள்ளை இடங்கள் என்னைப் பார்த்தன.

கைத்தடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா" என்று மெல்லக் கூப்பிட்டார் பிரகதீஸ்வரி. ஒரு கம்பத்தில் துணிப்பை தொங்கியது. அதிலிருந்து தூரிகைகள் நீட்டிக்கொண்டிருந்தன. கம்பத்தின் கீழே தோல் செருப்பு ஒரு ஜோடி. இடக்கால் செருப்பின் வெளிவிளிம்பு தேய்ந்திருந்தது. என் தம்பி சிறுவயது முதல் இடக்காலைச் சாய்த்துத்தான் வைப்பான்.

செருப்பைத் தாண்டி, கொட்டகையின் கோடியில், ஈரச் சாக்குகளைப் போட்டு எதையோ மூடியிருந்தார்கள். ஆள் நீளம். தலைப்பக்கம் உயர்ந்து, நெஞ்சு மேடாகி, கால்கள் இரண்டாகப் பிரிவது சாக்குக்கு மேலேயே தெரிந்தது. ஒரு பாதம் வெளியே நீட்டியிருந்தது. செம்மண் அப்பிய பாதம்.

பிரகதீஸ்வரி என்னைப் பார்த்தார்.

"சாக்கை எடுக்கிறதுக்கு முன்னால கேக்குறேன். அவரை எழுதக்கூடாதுன்னு சொன்னது யாரு?"

"நான்" என்றேன்.

சொல்லிவிட்டேன். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு, கோயில் கூட்டத்தில், ஊரே இருக்கும்போது, ஆட்டுப் படம் போட்டுப் பிழைக்கிறவனுக்கு எங்கள் குடும்பத்து மரியாதையில் பங்கில்லை என்று சொன்னேன். அவன் மறுநாள் கடிதம் எழுதினான். பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன். உன் எழுத்து ஒன்றுகூட என் வாசற்படி தாண்டக்கூடாது என்று ஆள் விட்டுச் சொன்னேன். அவனும் அதன் பிறகு எழுதவில்லை.

பிரகதீஸ்வரி தலையசைத்தார். "அப்ப நீங்க சொன்ன சொல்லை அவர் மீறலை ஐயா. எழுத்துதானே வரக்கூடாது? படம் வரலாம். மேலே இருக்கிற முகவரி வேற ஆளு எழுதினது. பேரைக்கூடப் போடாம அனுப்பியிருக்கார். யாரும் அவரைப் பிடிச்சு வச்சு வரைய வைக்கலை. அவரேதான் உங்களைக் கூப்பிட்டிருக்கார்."

"அப்ப இது யாரு மேடம்?" என்று உடையப்பன் பாதத்தைக் காட்டினார்.

நேற்று மாலை உயிரோடு இருந்தவன் இன்று மதியம் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. நானே குனிந்தேன். சாக்கின் நுனியைப் பிடித்தேன். விரல்கள் வழுக்கின. இழுத்தேன்.

மீசையும் தலைப்பாகையும் வைத்த மண் வீரன் ஒருவன் மல்லாந்து கிடந்தான். அவனுக்கும் கண் இல்லை.

"மூடுங்க ஐயா, காத்துப் பட்டா வெடிச்சுப் போகும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

தண்ணீர்க் குடத்தோடு ஒரு முதியவர் வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குடத்தை இறக்கி வைத்துக் கும்பிட்டார். அந்த முகம் எனக்குத் தெரியும். சோலையப்பன் வேளார். எங்கள் ஊர் அய்யனார் கோயிலுக்குக் குதிரை செய்கிறவர். ஒவ்வொரு முறை மண் குதிரைகளைக் கோயிலுக்குத் தூக்கிப்போகும் புரவி எடுப்பு வரும்போதும் நான்தான் எங்கள் ஊர் மண்ணில் ஒரு கைப்பிடி அள்ளி, பிடிமண் என்று அவர் கையில் கொடுப்பேன். அந்த மண்ணைச் சேர்த்துத்தான் குதிரை செய்யத் தொடங்குவார். இந்த ஆண்டும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போவார். எந்த ஊருக்குப் போகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"நாலு நாளா எதிர்பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார் சோலையப்பன். "பிடிமண் குடுத்தவுக வந்து நின்னு தெறக்கலாம்னு சொல்லாம கண் தெறக்க முடியாதுங்களே. கண்ணைத் தெறந்துட்டா அது எங்க மண்ணு இல்லை, ஊரு சாமி. கொட்டகையில ஒரு நாழி நிக்காது, கெளம்பிரணும். சின்னய்யாவும் தன் படத்துக்கு அப்படித்தான். புத்தகம் முழுக்க வரைஞ்சிட்டு, கடைசி நாள்தான் எல்லாத்துக்கும் கண்ணு வைப்பாக. வச்சா புத்தகம் வீட்டைவிட்டுப் போயிரும், பெறகு திருப்ப முடியாதும்பாக. கண்ணு வைக்காமப் படம் அனுப்புனா, வந்து உத்தரவு சொல்லுங்கன்னுதானே அர்த்தம். ஒங்களுக்குத் தெரியாததாங்க ஐயா?"

தெரியும். அந்தச் சடங்கில் முதல் மரியாதை எனக்கு. நாற்பது ஆண்டுகளாக முன்னால் நின்று உத்தரவு சொல்கிறவன் நான். என் வீட்டுக்கு அழைப்பு வந்தபோது அதைச் சாவோலை என்று படித்தவனும் நான்தான்.

"செய்வினைன்னுல்ல பயந்தீங்க" என்றார் உடையப்பன். அவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "ஸ்டாப் வந்ததுகூடத் தெரியாம தூங்குற பேசஞ்சரைப் பாத்திருக்கேன். தன் வீட்டு வாசல்லயே இறங்கத் தெரியாதவரை இப்பத்தான் பாக்குறேன்."

பிரகதீஸ்வரி அவரை முறைத்தார். நான் முறைக்கவில்லை.

*

வேளார் வீட்டு உள்ளறையில், மாத்திரைத் தூக்கத்தில் எங்கள் குரல்கூடக் கேட்காமல், தம்பி கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தான். மெலிந்திருந்தான். எழுந்து நிற்க முயன்றான், அப்போதுதான் கண்மாயிலிருந்து திரும்பிய செவந்தி தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். திங்கட்கிழமை மதுரையில் அவனுக்கு இதய அறுவை சிகிச்சை. மருத்துவர் தேறிவிடுவான் என்று சொல்லவும் இல்லை, தேறமாட்டான் என்று சொல்லவும் இல்லை. அதற்குள் கடைசிப் புத்தகத்தை முடித்துவிட வேண்டும் என்று, குதிரைகளைப் பார்த்து வரைவதற்காக இங்கே வந்திருக்கிறான். போன் குழைத்த மண்ணுக்குள் விழுந்து, ஏதோ ஒரு குதிரையின் வயிற்றில் சேர்ந்துவிட்டதாம்.

"வாங்கண்ணே" என்றான்.

அவ்வளவுதான். பத்தொன்பது ஆண்டு கழித்து அதைத்தான் சொன்னான். தலையை மட்டும் அசைத்தேன்.

தலைமாட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "இதையும் அனுப்பியிருக்கணும். அனுப்பப் பயமா இருந்துச்சு. நேர்ல காட்டிக் கேக்கணும்னு வச்சிருந்தேன்."

வாங்கினேன். இருபுறமும் அய்யனார் குதிரைகள். நடுவே மண் பாதையில் இரண்டு சிறுவர்கள். ஐந்து வயதுச் சிறியவன் முன்னால் போகிறான். எட்டு வயதுப் பெரியவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறான். குதிரைகளுக்கும் சிறியவனுக்கும் கண் வைக்கவில்லை. பெரியவனுக்கு மட்டும் முகம் முடிந்திருந்தது. ஏனென்றால் அவன் கண்களை இறுக மூடியிருந்தான். அவன் நெற்றி மேட்டின் ஓரத்தில் இரண்டு கோணல் கொம்புகள் முளைத்திருந்தன.

கோணக்கொம்பன்.

எட்டு வயதில் அந்தக் குதிரைகளின் கண்களைப் பார்க்க எனக்குப் பயம். கோயிலுக்குப் போகும் வழி நெடுக நான் கண்ணை மூடிக்கொள்வேன், தம்பி கையைப் பிடித்து இழுத்துப் போவான். என் மனைவிக்குத் தெரியாது. என் மகனுக்குத் தெரியாது. அந்தக் குதிரைகளுக்கு உத்தரவு கொடுக்கும் குடும்பத்தின் மூத்த மகன் அவற்றைக் கண்டு நடுங்கியவன் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்? அறுபத்தாறு ஆண்டுகளாக நான் மறைத்து வைத்ததை இத்தனை லட்சம் குழந்தைகள் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள்.

"இதுல உங்க பேரு வரும்ணே" என்றான் தம்பி. "கோணக்கொம்பன் யாருன்னு பிள்ளைக எப்பவும் கேக்குதுக. ஒரு தடவையாவது சொல்லணும். நீங்க சரின்னா கண்ணு வைக்கிறேன். வேணாம்னா இந்தப் பக்கமே கெடையாது."

பிரகதீஸ்வரி, உடையப்பன், சோலையப்பன், செவந்தி எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் முதுகு தானாக நிமிர்ந்தது.

"கிழிச்சுப் போடு" என்றேன்.

அவன் தாளை என் கையிலிருந்து வாங்கினான். மேல் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்தான். கிழிக்கத்தான் போகிறான் என்று எனக்குத் தெரியும். எழுதாதே என்றேன், எழுதவில்லை. கிழி என்றால் கிழிப்பான். திங்கட்கிழமைக்குப் பிறகு நான் எதையாவது சொன்னாலும், கேட்பதற்கு அவன் இல்லாமல் போகலாம். ஐந்து நாளாகப் பட்ட பயம் எல்லாம் ஒன்றுமில்லை, அந்த ஒரு கணத்துக்கு முன்னால்.

அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இருடா. கண்ணை மூடிக்கிட்டிருந்தது நெசம். கையைப் பிடிச்சது நெசம். அதைப் போட்டுக்க." தாளில் பெரியவனின் கன்னத்தைக் காட்டினேன். "இது என்ன? அழுகிற மாதிரி போட்டிருக்கே. நான் எப்ப அழுதேன்?"

"அழுதீங்கண்ணே."

"அழலை."

"அழுதீங்க. நான்தானே முன்னால போனேன். தேம்புறது கேட்டுச்சு."

நான் தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீண்ட நேரம் பார்த்தேன்.

"ஒரு சொட்டு" என்றேன். "நீ மூணு போட்டிருக்கே."